வீங்கிய காலுக்குக் கழுத்தில் ஒரு சாட்சி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதி மிதிப்பவருக்குச் சாயங்காலம் கணுக்கால் கனப்பது புதிதல்ல. ராத்திரி படுத்தால் வடிந்துவிடும். வடியாமல் வயிறும் முன்தள்ளி, வேட்டி கட்ட முடியாமல் போனால் வீட்டில் எழும் முதல் சந்தேகம், "குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டார்." குடியைத் தொடாதவரையும் இந்தப் பழி விடாது. ஸ்கேன், வயிற்றில் நீர் எடுப்பது என்று மாதங்கள் ஓடும். சில வேளை கோளாறு ஈரலுக்கு மேலே, இதயத்தைச் சுற்றிய உறையில் இருக்கும்.

உறை ஓடானால்

அந்த உறைக்குப் பெரிகார்டியம் என்று பெயர். வழக்கமாக 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அழற்சி ஆறித் தழும்பாகும்போது அது ஓடுபோல விறைத்து இதயத்தை இறுக்கலாம். சிலருக்குச் சுண்ணாம்பும் படியும். கஞ்சி அதிகமாகி மொடமொடத்த துணி என்று சொல்லலாம், ஆனால் துணி துவைத்தால் இளகிவிடும்.

ரத்தத்தைத் தள்ளுவதில் இதயத்துக்குக் குறையில்லை. அதனால்தான் எக்கோவில் "பம்பிங் நல்லா இருக்கு" என்று எழுதி வருகிறது, நோயாளியும் நிம்மதியாக வீடு திரும்புகிறார். சிக்கல் விரிவதில். இதயம் தளர்ந்ததும் ரத்தம் வேகமாகப் பாயும். ஓட்டைத் தொட்டதும் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தம் ஸ்டெதாஸ்கோப்பில் சில சமயம் 'டொக்' என்று கேட்கும். இப்படி நிரம்பி முடியும்போது இடம் வலம் இல்லாமல் எல்லா அறைகளிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. வலது மேலறையில் 2 முதல் 6 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கவேண்டிய இடத்தில் 15, 20 என்று ஏறும். அது பின்னோக்கித் தேங்கி ஈரலைப் புடைக்கவைத்து, வயிற்றிலும் காலிலும் நீராகக் கோத்துக்கொள்கிறது.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளும் நுரையீரல் நாளங்களிலும் அழுத்தம் குறையும். ஓட்டுக்குள் இருக்கும் இதயத்துக்கு அந்தக் குறைவு எட்டுவதில்லை. இடப்பக்கத்துக்கு வரும் ரத்தம் குறைய, நடுச்சுவர் அந்தப் பக்கம் சாய்ந்து வலதுக்கு இடம் விடும். மூச்சை விட்டால் நேரெதிர். ஒற்றைக் கட்டிலில் இரண்டு பேர் படுத்த கதைதான். எக்கோ எடுப்பவர் மூச்சோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

கழுத்தைப் பார்த்தால்

மூச்சை இழுத்தால் கழுத்து நரம்பு தணியவேண்டும். இந்த நோயில் தணியாது, இன்னும் புடைக்கவும் செய்யும். ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1873இல் எழுதிவைத்த அடையாளம் இது. வேறு சில இதய நோய்களிலும் வரும். ஈரல் சுருங்கும் சிரோசிஸில் பெரும்பாலும் கழுத்து நரம்பு புடைப்பதில்லை. சாய்ந்து படுக்கவைத்து அரை நிமிடம் கழுத்தைப் பார்க்கச் செலவே இல்லை, பார்ப்பவர்தான் குறைந்துவிட்டார்கள்.

டி.பி. விட்டுப்போவது

உறை இப்படி இறுகுவதற்கு மேலை நாடுகளில் இதய ஆபரேஷனும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முக்கியக் காரணங்கள். நம் ஊரில் முதலில் சந்தேகிக்கவேண்டியது காசநோய். ஆஸ்பத்திரியில் கிடக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரையில் டி.பி.யைக் குணமாக்கலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது காஞ்சிக்குப் பக்கத்துச் சென்னைதான். இன்று வழக்கமான சிகிச்சை 6 மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். உறையில் டி.பி. நீர் கோத்தவர்களுக்கு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தால் இறுக்கம் வருவது குறைகிறது என்று ஆப்பிரிக்காவில் 1,400 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் சொன்னது. உயிரிழப்பை அது குறைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடியதால் எல்லாருக்கும் பொருந்தாது.

உரித்தெடுப்பது

புதிய இறுக்கம் சில சமயம் மருந்திலேயே இளகும். முற்றியதற்கு ஆபரேஷன்தான். நீர் பிரியும் மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும், ஓட்டைத் தொடாது. அளவு மீறினால் இதயம் நிரம்பப் போதிய ரத்தமில்லாமல் பிரஷர் விழும். நெஞ்சைத் திறந்து, விறைத்த உறையைத் தசையிலிருந்து துண்டுதுண்டாக உரிப்பார்கள். சுண்ணாம்பு தசைக்குள் இறங்கியிருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. ஈரலும் இதயத் தசையும் நலிந்தபிறகு வருபவருக்கு ஆபத்து பல மடங்கு. காலத்தில் வந்தவர்களில் சிலருக்கு ஆபரேஷன் மேசையிலேயே அழுத்தம் இறங்கத் தொடங்கும். மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.