எல்லாம் என் தப்புத்தானா?

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்கே விதர்பா இருக்கிறது. பருத்தி விளையும் பகுதி. பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை தவறினால் கடன்தான்.

அங்கே அண்ணன், தம்பி இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் பயிரும் கருகியது. இருவருக்கும் கடன். தம்பி சில நாள் வருந்தினார். பிறகு கூலி வேலைக்குப் போனார். அண்ணன் படுத்துவிட்டார். தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. யாரோடும் பேச்சு இல்லை. "எல்லாம் என் தப்பு" என்று மட்டும் சொன்னார்.

மழை பெய்யாதது அவர் தப்பா? இல்லை. ஆனால் அவர் சுபாவம் அப்படி. சிறு வயதிலிருந்தே எதற்கும் கவலைப்படுவார். எது கெட்டாலும் தன்னையே திட்டிக்கொள்வார்.

இப்படிப்பட்டவர்களை மனச்சோர்வு நோய் எளிதில் பிடிக்கிறது. சிறு குறையும் இருக்கக் கூடாது என்று தன்னை வாட்டிக்கொள்பவர்களையும் பிடிக்கிறது. மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்று எப்போதும் அஞ்சுபவர்களையும் பிடிக்கிறது.

சுபாவமே நோய் ஆகாது. மண் சுவர் வெயிலில் நன்றாகத்தான் நிற்கிறது. அடைமழையில்தான் கரைகிறது. கடன், சாவு, வீட்டுச் சண்டை எல்லாம் அந்த மழை போன்றவை. பெருவெள்ளம் வந்தால் கல் சுவரும் விழும். கலகலப்பானவருக்கும் இந்த நோய் வரலாம்.

கவலைப்படுபவரைக் கோழை என்கிறார்கள். அது தவறு. வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்ட நினைப்பவரும் அவர்தான்.

சோகமும் சலிப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? தூக்கம், பசி, வேலை எல்லாம் கெடுகிறதா? மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை உண்டு. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. "எல்லாம் என் தப்பா?" என்று தன்னையே கேட்டுப் பார்க்க அதில் பழக்குவார்கள்.

"தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தைரியம் இல்லாததும் தன் தப்பு என்று அவர் நினைப்பார். பக்கத்தில் உட்காருங்கள். பேச விடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய உதவி இது. பெயர் டெலி மானஸ். இரவு பகல் எப்போதும் பேசலாம். பணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

அண்ணன் தானாகப் போன் செய்ய மாட்டார். பிறருக்கு ஏன் தொந்தரவு என்று நினைப்பார். தம்பிதான் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுக்க வேண்டும்.