விண்மீனின் மரணமும் ஓர் இளைஞரின் சாட்சியமும்



இரவு வானத்தை அண்ணாந்து நோக்கும் நம் பிள்ளைகள், "இந்த விண்மீன்கள் என்றென்றும் இப்படியே இருக்குமா?" என வினவுவதுண்டு. இருக்கா என்பதே விடை. விண்மீனுக்கும் பிறப்பு உண்டு, வாழ்வு உண்டு, முடிவும் உண்டு. அத்தகைய முடிவொன்றை மனிதர்கள் கண்ணால் கண்டு எழுதியும் வைத்துள்ளனர்.

ஹிஜ்ரி 396, அதாவது கி.பி. 1006. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், அதுவரை இல்லாத விண்மீன் ஒன்று தென்வானில் பேரொளியுடன் தோன்றியது. அப்போது எகிப்தில் கல்வி கற்கத் தொடங்கியிருந்த அலீ இப்னு ரிள்வான் அதனைக் கண்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கிய அவர், தாலமியின் சோதிட நூலுக்கு எழுதிய உரையில் அக்காட்சியைப் பதிவு செய்தார். அது வெள்ளிக் கோளைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது என்றும், அதன் ஒளி நிலவொளியில் கால் பங்கைவிடச் சற்று மிகுதி என்றும் எழுதினார். அது நின்ற பாகையையும், அன்று சூரியனும் கோள்களும் நின்ற இடங்களையும் குறித்தார். சீனா, ஜப்பான், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் அது பதிவாகியுள்ளது.

அவர் கண்டது என்ன? அதை அறிய, விண்மீன் வாழும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

விண்மீனின் வாழ்வு

வாயுவும் தூசும் நிறைந்த மேகம் தன் ஈர்ப்பு விசையால் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க அதன் நடுப்பகுதி கொதிக்கிறது. வெப்பம் சுமார் ஒரு கோடி பாகையை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்குகின்றன. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியன் இவ்வாறே பிறந்தது. அதே மேகத்தின் எஞ்சிய பொருளிலிருந்து பூமி உள்ளிட்ட 8 கோள்களும் உருவாயின.

சூரியனுக்குள் விநாடிதோறும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் பொருள் ஆற்றலாக மாறுகிறது. ஈர்ப்பு உள்நோக்கி இழுக்க, வெப்பத்தின் அழுத்தம் வெளிநோக்கித் தள்ள, இரண்டும் சமமாக நிற்பதே விண்மீனின் வாழ்வு.

மூன்று முடிவுகள்

எரிபொருள் தீர்ந்தால் இந்தச் சமநிலை குலைகிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் சிவந்து பருத்து, புறப்பகுதியை இழந்து, பூமியளவே உள்ள 'வெண்குள்ளன்' ஆகிவிடும்.

சூரியனைப் போல் 8 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன்களின் மையமோ பெரும்பாலும் நொறுங்கி வெடிக்கிறது. 1054இல் காணப்பட்ட வெடிப்பு அவ்வகையைச் சேர்ந்தது. அதன் எச்சமாகிய நண்டு நெபுலாவின் நடுவில், விநாடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் உள்ளது.

மூன்றாவது வகையே 1006இல் நிகழ்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்தோ, மற்றொரு வெண்குள்ளனுடன் இணைந்தோ வெண்குள்ளன் முழுவதுமாக வெடித்துச் சிதறக்கூடும். அவ்வெடிப்புகள் ஏராளமான இரும்பை விண்ணில் பரப்புகின்றன. நம் குருதியில் ஓடும் இரும்பும் சூரியன் பிறக்கும் முன்பே மறைந்த விண்மீன்களில் உருவானதே!

நிலைத்தது எது?

சகோதரர்களே! இங்கே சற்றுச் சிந்தியுங்கள். இப்னு ரிள்வான் தம் கால வழக்கப்படி, அவ்விண்மீனைப் போர்களோடும் பஞ்சத்தோடும் தொடர்புபடுத்தியும் எழுதினார். ஆனால் அது நம்மிடமிருந்து சுமார் 7,000 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. அவர் கண்ட ஒளி, அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. எங்கோ என்றோ நிகழ்ந்த வெடிப்பு அந்த ஆண்டின் போருக்கு எவ்வாறு காரணமாகும்?

அவருடைய பலன் கூறல் இன்று எவருக்கும் பயன்படவில்லை. அவர் அளந்து எழுதியதோ பயன்படுகிறது. அவர் குறித்த கோள்நிலைகளைக் கொண்டே அந்த நாள் ஏப்ரல் 30 எனக் கணிக்கப்பட்டது. பழைய பதிவுகள் காட்டிய வான்பகுதியில் 1965இல் வானொலித் தொலைநோக்கி மூலம் அதன் எச்சம் அடையாளம் காணப்பட்டது. எச்சத்தின் வயது துல்லியமாகத் தெரிவதால், அது எவ்வளவு விரைவாக விரிகிறது என்பதை இன்றும் ஆராய முடிகிறது.

கிரகணம் வந்தால் கர்ப்பிணிகளை அறைக்குள் அடைப்பதும், வால்மீன் தோன்றினால் கேடு வருமென அஞ்சுவதும் இன்னும் நம்மிடையே காணப்படுகின்றன. இவ்வச்சங்களை நம் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்ல வேண்டுமா?

பனிக்கால இரவொன்றில் அவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையைக் காட்டுங்கள். அது முதுமையடைந்த விண்மீன்; ஒருநாள் வெடிக்கவிருப்பது. கண்டதைக் கண்டவாறே, தேதியிட்டு எழுதப் பழக்குங்கள். வானத்தை அஞ்சாமல் ஆராயும் தலைமுறையை உருவாக்குவோமாக!