நீரிழிவும் காசநோயும்: சுண்டெலிகள் தரும் விளக்கம்

திருவனந்தபுரத்தின் புலயனார்கோட்டையில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இந்திய நீரிழிவு நிறுவனமும் அருகருகே அமைந்துள்ளன. இவ்விரு நோய்களுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கேரளத்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு நீரிழிவும் இருந்ததாக 2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. நீரிழிவு உடையோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு.

காரணத்தை அறிய மனிதருக்குக் கிருமியைச் செலுத்திப் பார்க்க இயலாது. ஆய்வுக்கூட விலங்குகளே துணை. அலாக்சான் என்னும் வேதிப்பொருள் முயல்களுக்கு நீரிழிவை உண்டாக்கும் என்பது 1943-இல் தெரியவந்தது. பின்னர் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் வழக்கத்திற்கு வந்தது. இரண்டும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை அழிப்பவை. இவ்வாறு நீரிழிவுற்ற எலிகளில் வெள்ளையணுக்கள் கிருமியை நாடிச் செல்வதும் அதனை விழுங்கிக் கொல்வதும் தளர்வதுடன், தைமஸ் சுரப்பியும் சுருங்குகிறது. இக்கேடு சர்க்கரையால் விளைந்ததா, செலுத்திய நஞ்சினாலா என்ற ஐயம் எழுவது நியாயமே. இன்சுலின் கொடுத்ததும் பல சோதனைகளில் வெள்ளையணுக்களின் திறன் பெருமளவு மீண்டது என்பதே அதற்கு விடை.

அமெரிக்க விஞ்ஞானிகள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. ஒரு மாதமே நீரிழிவுடன் இருந்த சுண்டெலிகள் காசநோய்க் கிருமியை மற்றவற்றைப் போலவே தாக்குப்பிடித்தன. மூன்று மாதங்கள் கடந்தவற்றின் நுரையீரலிலோ கிருமிகள் பன்மடங்கு பெருகியிருந்தன. எதிர்ப்பாற்றல் அவற்றில் அற்றுப்போகவில்லை. காலம் தாழ்ந்தே எழுந்தது. கிருமி புகுந்த செய்தி நிணநீர்க் கணுக்களை அடையத் தாமதமாகிறது. டி அணுக்கள் வந்து சேர்வதற்குள் கிருமி வேரூன்றிவிடுகிறது. தீயணைப்பு வண்டி பழுதன்று, அழைப்பு மணிதான் பிந்தி ஒலிக்கிறது எனலாம்.

ஆகவே, கவனிக்கப்படாத நீரிழிவு எத்தனை காலம் நீடிக்கிறது என்பதே முக்கியம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி கேரளத்தில் வயது வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. காசநோயாளிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்வது தேசியத் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. நீரிழிவு மருத்துவமனைக்கு வருபவரிடம் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உண்டா எனக் கேட்பதற்குச் செலவே இல்லை. தவறவிட்டால் ஆறு மாத மருந்தும் இழந்த கூலியும் குடும்பத்தின் கணக்கில் ஏறும்.