பாதி படம் இங்கே... மீதி எங்கே?

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அப்பாவின் சி.டி. ஸ்கேன் பிலிம் மடங்கிவிடக் கூடாதே என்று குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன். காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்து, அந்தப் பெரிய டாக்டரிடம் பயபக்தியோடு நீட்டினால்... மனுஷர் இரண்டே நிமிஷம் பார்த்தார்.

"சரி, மீதி எங்கே?"

"இவ்வளவுதான் சார் குடுத்தாங்க."

"கல்யாண ஆல்பத்துலேருந்து பத்து போட்டோவை உருவிக் கொண்டு வந்து, கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு கேக்கறீங்களே!"

அப்பாவின் கல்லீரலில் ஒரு கட்டி. 'ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்' என்று கிளி ஜோசியம் மாதிரி இரண்டு பக்கமும் பேசியது ரிப்போர்ட். இன்னொரு தரம் எடுக்கலாம் என்றால், மறுபடி கதிர்வீச்சு, மறுபடி மருந்து ஊசி. அப்பாவுக்கோ கிரியாட்டினின் ஏற்கெனவே ஏறியிருந்தது. கிட்னி தாங்குமா என்று டாக்டர் தயங்கினார்.

"எடுத்த ஸ்கேனோட முழு டைகாம் பைலை வாங்கிட்டு வாங்க. அதுலயே தெரிஞ்சாலும் தெரியும்."

டைகாம் என்பது ஸ்கேன் மெஷின் தரும் அசல் படம். எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் எந்த ஊர் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்பதற்காக வந்த பொது ஏற்பாடு. 1993-லிருந்து இந்தப் பெயர். வயிற்றை பிரெட் ஸ்லைஸ் மாதிரி வெட்டி வெட்டி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறது மெஷின். நம் கையில் வரும் பிலிமில் இருப்பது அதில் பொறுக்கியெடுத்த கொஞ்சம். அசல் என்றால் டாக்டர் கறுப்பு வெளுப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். பிலிமிலும், அதை செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் அது நடக்காது.

அப்பா விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. மருந்து ஏற்றிய சில வினாடிகளில் ஒரு செட், ஒரு நிமிஷத்துக்கு மேல் இன்னொரு செட், சில நிமிஷம் கழித்து மூன்றாவது என்று எடுப்பார்கள். ரத்தக்குழாய்க் கட்டியில் மருந்து ஓரத்திலிருந்து உள்ளே மெள்ள மெள்ள நிரம்பும். அதுதான் அதன் அடையாளம். எங்கள் பிலிமில் ஒரே ஒரு செட்!

மறுநாள் திருச்சி. சி.டி. ஸ்கேனுக்கு சி.டி. கேட்டு கவுன்ட்டரில் நின்றேன். கொடுத்தார்கள். ஆபீஸில் போட்டுப் பார்த்தால் 24 சாதாரண போட்டோக்கள், பிலிமில் இருந்த அதே படங்கள்! திரும்பவும் ஓடினேன்.

"முழுசெல்லாம் குடுக்கறதில்ல சார். டாக்டர் லெட்டர் வேணும்."

எனக்கும் கோபம் வந்தது. அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: நோயாளி பெயர், ஸ்கேன் நம்பர், தேதி, 'எல்லா செட் படங்களும், மெல்லிய ஸ்லைஸ் உட்பட, டைகாம் வடிவில்' என்று. கீழே, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிற இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருஷ விதியையும் சேர்த்தேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் கேட்டேன். சீல் என்றதும் மேனேஜர் வெளியே வந்துவிட்டார்!

நல்லவேளை, ஸ்கேன் எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இடம் போதாமல் மெல்லிய ஸ்லைஸ்களைச் சீக்கிரமே அழித்துவிடும் சென்டர்களும் உண்டு. அதனால் பணம் கட்டும்போதே, "டைகாம் முழுசா வேணும்" என்று சொல்லிவிடுங்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் டிஸ்க்கில் பெயர், தேதி, படங்களின் எண்ணிக்கை மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காப்பி எடுத்து வைப்பதும் நல்லது. என் லேப்டாப்பில் டிஸ்க் நுழைக்க வாயே இல்லை, அது வேறு கதை.

மறுபடி மலைக்கோட்டை. டாக்டர் மவுஸை உருட்ட உருட்ட அப்பாவின் வயிறு சினிமா மாதிரி ஓடியது. மூன்று செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் ஆரம்பித்த வெளுப்பு, மூன்றாவது செட்டில் நடுவரைக்கும் வந்திருந்தது.

"ரத்தக்குழாய்க் கட்டிதான். கேன்சர் இல்ல. ஊசியும் வேணாம், கத்தியும் வேணாம். ஆறு மாசம் கழிச்சு அல்ட்ராசவுண்ட் மட்டும் பார்த்துக்கலாம்."

அப்பா எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "காபி குடிக்கலாம்ல?" என்றார் டாக்டரிடம்.