பொருளாதார மீட்சிக் காலத்தில் மனிதவளத் தலைமை: ஜெர்மனியின் குறுநேர வேலைமுறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வரும் மீட்சியில்தான் மனிதவளத் துறை முதன்மை பெறுகிறது என்பது பொதுவான கருத்து. ஆயின், அத்துறையின் தலைவர் மீட்சியில் எதைச் செய்ய இயலும் என்பது, வீழ்ச்சியின்போது அவர் யாரைத் தக்கவைத்தார், அதற்கான கருவிகளும் அதிகாரமும் அவரிடம் இருந்தனவா என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது. 2008–2010 ஆண்டுகளில் ஜெர்மனி கண்ட பட்டறிவைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனிதவள மேலாண்மை, பொருளாதார மீட்சி, குறுநேர வேலை, பணிநேரக் கணக்கு, தொழிலாளர் இயக்குநர், இணைமுடிவுரிமை.

முன்னுரை

மேலாண்மைப் பாடநூல்கள் மனிதவளப் பணியை ஆளெடுப்பு, பயிற்சி, ஊதியம், பணி மதிப்பீடு எனப் பகுத்துக் காட்டுகின்றன. தொழில் சீராக நடக்கும் காலத்திற்கு இப்பகுப்பு போதுமானது. பொருளாதாரம் சரிந்து மீளும் காலத்தில் இவற்றுள் எதுவும் தனித்து நிற்பதில்லை. வீழ்ச்சியில் பணிநீக்கம் செய்யப்பட்ட திறன்மிகு தொழிலாளி மீட்சியில் திரும்பி வருவார் என்பதற்கு உறுதியில்லை. அவர் இடத்திற்குப் புதியவரைத் தேடவும் பழக்கவும் ஆகும் காலத்தில் கொள்முதல் ஆணைகள் போட்டியாளரிடம் சென்றுவிடும். எனவே மீட்சிக் கால மனிதவளத் தலைமையை ஆராய்வோர் மீட்சிக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

இரு நாடுகள், இரு மீட்சிகள்

2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 5 விழுக்காட்டிற்கும் மேல் சுருங்கியது. ஏற்றுமதியை நம்பிய எந்திரத் தொழிலும் வாகனத் தொழிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அத்தகைய சரிவில் வேலையின்மை பெருகியிருக்க வேண்டும். ஆனால் பதிவுசெய்த வேலையற்றோரின் ஆண்டுச் சராசரி 2008இல் சுமார் 32.6 இலட்சமாக இருந்து 2009இல் சுமார் 34 இலட்சமாக மட்டுமே உயர்ந்தது. 2010இல் மீண்டும் பழைய நிலைக்கே இறங்கியது. அவ்வாண்டில் உற்பத்தி ஏறத்தாழ 4 விழுக்காடு வளர்ந்தது.

அமெரிக்காவில் உற்பத்திச் சரிவு ஜெர்மனியைவிடக் குறைவு. எனினும் 2007 டிசம்பரில் 5 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. பொருளியல் கணக்கின்படி அங்கு வீழ்ச்சி 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டது. வேலைகளின் எண்ணிக்கை வீழ்ச்சிக்கு முந்தைய உச்சத்தை மீண்டும் எட்டியதோ 2014ஆம் ஆண்டில்தான். ‘வேலையற்ற மீட்சி’ என்னும் தொடர் இத்தகைய நிலையையே சுட்டுகிறது.

நேரத்தைக் குறைத்து ஆளைக் காத்தல்

இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகச் சொல்லப்படுவது ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ எனப்படும் குறுநேர வேலைமுறை. ஆணைகள் குறைந்த நிறுவனம் தொழிலாளரை நீக்காமல் அவர்தம் வேலைநேரத்தைக் குறைக்கும். குறைந்த நேரத்திற்கு நிறுவனம் ஊதியம் தருவதில்லை. இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, குழந்தை உள்ளவராயின் 67 விழுக்காட்டை, வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து கூட்டரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்யும். மாதம் 2,000 யூரோ நிகர ஊதியம் பெறும் ஒருவரின் வேலை பாதியாகக் குறைகிறது எனக் கொள்வோம். வரி நுணுக்கங்களை ஒதுக்கிப் பார்த்தால், நிறுவனத்திடமிருந்து 1,000 யூரோவும் முகமையிடமிருந்து 600 யூரோவும் அவருக்குக் கிடைக்கும். அவர் இழப்பது 400 யூரோ. ஆனால் வேலை அவருடையதாகவே இருக்கிறது.

2009 மே மாதத்தில் இம்முறையின்கீழ் இருந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். வழக்கமாக 6 மாதமாக இருந்த உச்சவரம்பை அரசு படிப்படியாக நீட்டித்து 24 மாதம் வரை கொண்டு சென்றது. நிறுவனங்கள் செலுத்த வேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகையில் பாதியை ஏற்றது. குறுநேரக் காலத்தில் தொழிலாளருக்குப் பயிற்சி அளித்தால் முழுவதையும் ஏற்றது.

குறுநேர வேலைக்கு முன்னதாகவே நிறுவனங்கள் கையாண்ட மற்றொரு கருவி பணிநேரக் கணக்கு. வேலை மிகுந்த காலத்தில் தொழிலாளி கூடுதலாக உழைத்த மணிகள் வங்கிச் சேமிப்பைப்போல் அவர் பெயரில் வரவு வைக்கப்படும். வேலை குறைந்தபோது அம்மணிகள் ஓய்வாகக் கழிக்கப்படும். மாத ஊதியம் மாறாது. ஜெர்மானியத் தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அப்போது இத்தகைய கணக்குகள் இருந்தன. 2005 முதல் 2008 வரையிலான ஏற்றக் காலத்தில் சேர்ந்த வரவே 2009இன் முதல் அடியைத் தாங்கியது.

இம்முறைகளை நிறுவனங்களின் கருணையாகக் கொள்வது பிழையாகும். குறுநேர வேலையும் நிறுவனத்திற்குச் செலவற்றதன்று. விடுமுறை நாள்களுக்கான ஊதியமும் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கும் அதன் தலையிலேயே விழுந்தன. அச்செலவையும் ஏற்க நிறுவனங்கள் முன்வந்ததற்கு, முந்தைய ஏற்றத்தில் பொறியாளரும் தேர்ந்த எந்திரத் தொழிலாளரும் கிடைக்காமல் அவை பட்ட இடர் ஒரு காரணம். மைக்கேல் புர்டாவும் ஜெனிஃபர் ஹன்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. ஏற்றம் நிலைக்கும் என்னும் நம்பிக்கையின்றி நிறுவனங்கள் 2005–2007இல் குறைவாகவே ஆளெடுத்தன. ஆகவே பின்னர் நீக்க வேண்டியவரும் குறைவாயினர் என்பது அவர்கள் வாதம். இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இரண்டுமே ஏற்றக் காலத்து ஆளெடுப்பு முடிவுகளில்தான் வந்து நிற்கின்றன.

இருக்கையும் அதிகாரமும்

கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்துமாறு நிறுவனத்தின் உச்சநிலைக் குழுவில் வாதிட ஒருவர் வேண்டும். இவ்விடத்தில்தான் ஜெர்மனியின் அமைப்பு தனித்து நிற்கிறது. நிலக்கரி, எஃகுத் தொழில்களுக்கான 1951ஆம் ஆண்டு இணைமுடிவுரிமைச் சட்டம், மேலாண்மைக் குழுவில் ‘தொழிலாளர் இயக்குநர்’ ஒருவர் இடம்பெற வேண்டும் என விதித்தது. மேற்பார்வை வாரியத்திலுள்ள தொழிலாளர் பிரதிநிதிகளுள் பெரும்பான்மையோர் எதிர்த்தால் அவரை நியமிக்க இயலாது. 2,000க்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட பிற நிறுவனங்களுக்கு இப்பதவியை 1976ஆம் ஆண்டுச் சட்டம் விரிவுபடுத்தியது. ஆனால் தொழிலாளர் தரப்பின் அத்தடையுரிமையை அது தரவில்லை. இவற்றுடன், வேலைநேரத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதற்குப் பணியாளர் மன்றத்தின் இசைவு வேண்டும் என்பதும் சட்டமாக உள்ளது.

ஆகவே அங்கு மனிதவளத் தலைவர் நிதி இயக்குநருக்கு அறிக்கை அனுப்புபவர் அல்லர். அவருக்கு இணையாக அமர்பவர். ஆள்குறைப்பால் வரும் சேமிப்பை நிதி இயக்குநர் எண்ணிக்கையில் காட்டும்போது, மீட்சியில் ஏற்படவிருக்கும் ஆளெடுப்புச் செலவை அதே மேசையில் வைக்க இவரால் முடியும்.

இப்பதவியின் ஆற்றலையும் ஊறுபாட்டையும் ஒருங்கே காட்டுபவர் பீட்டர் ஹார்ட்ஸ். சார்லாந்து மாநில எஃகாலைகளில் தொழிலாளர் இயக்குநராக இருந்த அவர், 1993இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மேலாண்மைக் குழுவில் மனிதவளப் பொறுப்பை ஏற்றார். அப்போது அங்கு ஏறத்தாழ 30,000 பேர் மிகையானவர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. எவரையும் நீக்காமல், வார வேலைநேரத்தை 36 மணியிலிருந்து 28.8 மணியாகக் குறைக்கும் உடன்பாட்டை ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்துடன் அவர் எட்டினார். ஆண்டுக்கொருமுறை வழங்கும் தொகைகளை மாதங்களுக்குப் பகிர்ந்ததால் மாத ஊதியம் காக்கப்பட்டது. ஆண்டு வருவாய் குறைந்தது. 1994 முதல் நடைமுறைக்கு வந்த இவ்வுடன்பாடு மனிதவள வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அதே ஹார்ட்ஸ், பணியாளர் மன்றத் தலைவருக்கு முறையற்ற சிறப்பூதியங்கள் வழங்கிய வழக்கில் 2005இல் பதவி விலகி, 2007இல் தண்டிக்கப்பட்டார். இணைந்து முடிவெடுத்தல் கண்காணிப்பின்றி நடக்கும்போது கையூட்டாகத் திரிவது எளிது என்பதை இவ்வழக்கு காட்டியது.

காக்கப்படாதோர்

குறுநேர வேலைமுறையைப் புகழும் எழுத்துகள் பலவற்றில் ஒரு செய்தி அடிக்குறிப்பாகவே தங்கிவிடுகிறது. 2008 நடுவில் ஏறத்தாழ 8 இலட்சமாக இருந்த ஒப்பந்த முகமைத் தொழிலாளர் எண்ணிக்கை ஓராண்டில் சுமார் 6 இலட்சமாகச் சரிந்தது. 2011இல் 9 இலட்சத்தை ஒட்டி உயர்ந்தது. நிலையான பணியாளரைக் காத்த நிறுவனங்கள், வெளியேற்றத் தக்கவராக இவர்களை வைத்திருந்தன என்பதே இதன் பொருள். மீட்சியில் ஆளெடுப்பு முதலில் நிகழ்ந்ததும் இப்பிரிவில்தான்.

2020இல் பெருந்தொற்றின்போது இக்கோடு மேலும் தெளிவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் குறுநேர வேலையில் இருந்தோர் ஏறத்தாழ 60 இலட்சம். ஆயினும் ‘மினிஜாப்’ எனப்படும் சிறுவேலைகளில் இருந்தோர் வேலையின்மைக் காப்பீட்டிற்குள் வராததால் இவ்வுதவிக்கு உரியவர் ஆகவில்லை. உணவகங்கள் அவர்களையே பெரிதும் நம்பியிருந்தன. மூடிய உணவகங்களிலிருந்து வெளியேறியோர் பலர் வணிகத்திற்கும் சரக்குப் போக்குவரத்திற்கும் மாறினர். கடைகள் திறந்தபோது திரும்பவில்லை. 2022 கோடையில் விமான நிலையங்களில் தரைப்பணிக்கு ஆளின்றிப் பயணங்கள் பெருமளவில் நீக்கப்பட்டன. துருக்கியிலிருந்து தற்காலிகப் பணியாளரை வரவழைக்க அரசு இசைவளிக்கும் நிலை ஏற்பட்டது. ஒரே நாடு, ஒரே சட்டம். தக்கவைத்த துறையின் மீட்சி ஒருவகை, கைவிட்ட துறையின் மீட்சி மற்றொருவகை.

பணிவாழ்வின் இரு பாதைகள்

மனிதவளத் துறையில் பணிவாழ்வைத் தேர்வோருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஆளெடுப்பை மட்டும் சார்ந்த பணிகள் மீட்சியில் முதலில் பெருகி, அடுத்த சரிவில் முதலில் மறைவன. ஆளெடுக்காத நிறுவனத்திற்கு ஆளெடுப்போர் தேவையில்லை. பணிநேர ஒழுங்கமைப்பு, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, தொழிலாளர் சட்டம், மறுபயிற்சி ஆகியவற்றில் தேர்ந்தோர் சரிவில்தான் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர். தமிழகக் கல்லூரிகளின் மனிதவளப் பாடத்திட்டங்களில் முதல்வகைத் திறன்கள் பெறும் இடத்தை இரண்டாம்வகை பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்தியச் சூழலோடு ஒப்பிடுகையில் வேறுபாடு பணியாளர் திறனில் இல்லை. சட்ட அமைப்பில் உள்ளது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. பதவியைச் சட்டம் தந்தது. இயக்குநர் குழுவில் இருக்கையைத் தரவில்லை. ‘லே-ஆஃப்’ எனப்படும் தற்காலிக வேலைநிறுத்தி வைப்பிற்கு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25சி பிரிவு, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை இழப்பீடாக வகுத்தது. ஜெர்மனியின் 60 விழுக்காட்டிற்கும் இதற்கும் எண்ணளவில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அங்கு அத்தொகை காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. இங்கு, ஆணைகளை இழந்து தவிக்கும் அதே நிறுவனத்தின் பெட்டியிலிருந்து வர வேண்டும். அந்நிலையில் ஆளைத் தக்கவைக்கலாம் என்று வாதிடும் மனிதவள அலுவலரிடம், அதற்கான பணம் எங்கே என்று நிதி அலுவலர் கேட்டால், சுட்டிக்காட்ட அவருக்கு ஒரு நிதி இல்லை.