சித்திரம் படிக்கச் சென்னை வந்த பத்மினி



போன பொங்கல் சமயத்தில் நம் கூட்டமைப்புப் பொருட்களை விற்க மயிலாப்பூர் போயிருந்தோம். மாடவீதியில் கோலப் போட்டி நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவர், "எம் பொண்ணு நோட்டு முழுக்கப் படமா வரையுது. பொம்பளப் புள்ளைக்கு அது சோறு போடுமா?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் ஓவியர் டி.கே. பத்மினியைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

பத்மினி 1940-ல் கேரளாவில் பொன்னானி பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். மாமாதான் படிக்க வைத்தார். கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயரும் துணை நின்றார். 'கல்யாணம் பண்ணி அனுப்பிட்டா கடமை முடிஞ்சுது' என்று அவர்கள் நினைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

1961-ல் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். எழும்பூர் பக்கம் பெரியமேட்டில் இருக்கிறதே, அதுதான். 1850-ல் தொடங்கிய பழைய கல்லூரி. அப்போது முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். வெள்ளைக்காரர் பாணியை அப்படியே காப்பி அடிக்காமல் நம் மண்ணின் கோட்டையும் நிறத்தையும் தேடச் சொன்ன குரு அவர். பிறகு 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே.

படிப்பு முடிந்ததும் பத்மினி சென்னைப் பள்ளிகளில் டிராயிங் டீச்சராக வேலை பார்த்தார். பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் தன் படங்களை வரைய வேண்டியிருந்தது. வீட்டு வேலை, கூலி வேலை, குழுக் கணக்கு என்று ஓடுகிற நமக்கு அந்த மிச்ச நேரம் எவ்வளவு என்று தெரியாதா என்ன!

வரைந்தது பெரும்பாலும் பெண்களைத்தான். கரும்பச்சை, பழுப்பு நிறத்தில் மரங்களோடு மரமாக நிற்கும் கிராமத்துப் பெண்கள். ஆடையில்லாத பெண்களையும் வரைந்தார். கேட்டால் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் யாருக்காகவும் சிங்காரித்து நிற்பதில்லை. தனக்குள் எதையோ யோசித்தபடி இருக்கிறார்கள். அம்ரிதா ஷேர்கில்லும் (1913-1941) இப்படி நம் நாட்டுப் பெண்களை வரைந்து பேர் வாங்கியவர்தான். ஆனால் அவர் வசதியான வீட்டில் பிறந்து பாரிஸில் படித்தவர். பத்மினிக்கு அந்த வசதி ஏது?

1968-ல் உடன் ஓவியரான கே. தாமோதரனை மணந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் ஊர்களிலும் அந்தக் காலத்தில் இப்படிப் போன அக்காமார் எத்தனை பேர்! அவர்கள் பேர் எதிலும் எழுதப்படவில்லை. பத்மினியின் ஓவியங்களையாவது கேரள லலிதகலா அகாடமி பாதுகாத்து வைத்திருக்கிறது.

அந்த உறுப்பினருக்கு ஒரு தகவல்: பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்கு வருடப் பட்டப்படிப்பு படிக்கலாம். வரையும் திறமையைச் சோதித்துத்தான் சேர்க்கிறார்கள். மகளின் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பத்மினி கடைசியாக வரைந்த படங்களில் ஒன்று, பட்டம் விடும் ஒரு சிறுமி.