நடு ஓடையில் நின்ற வண்டிக்கு செல்ஃப் அடிக்காதீர்கள்

இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூவிலிருந்து குன்சும் கணவாய் ஏறி காசாவுக்குப் போகும் வழியில், ஜீப் கூட்டங்களோடு மெக்கானிக்காகப் போகிறவன் நான். சத்ருவுக்கும் பாத்தலுக்கும் நடுவே உருண்டைக் கற்களும் குறுக்கே பாயும் ஓடைகளும்தான் பாதை. பனி உருகி வரும் தண்ணீர். காலையில் வடிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற மதியத்தில் பெருகிவிடும். அந்தப் பக்கத்து டிரைவர்கள் விடியும்போதே கிளம்புவது அதனால்தான்.

மதியத்தில் இறங்கி, நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றால் யாருக்கும் கை சாவிக்குத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். காற்றை இழுக்கும் குழாய் வழியே தண்ணீரும் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்குகிறது. மேலே மிஞ்சும் இடம் அவ்வளவு சிறியது, கொஞ்சம் தண்ணீரே போதும். வெறுமனே நனைந்த வண்டி, ஒரு செல்ஃபில் இன்ஜின் இறக்க வேண்டிய வண்டியாகிவிடும்.

முதலில் ஆட்களைக் கரையேற்றுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, சேஸிஸ் கொக்கியில் கயிறு கட்டி இன்னொரு வண்டியால் இழுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும்தான் வரும். இதற்காகவே ஒற்றை வண்டியாக அங்கே போகக் கூடாது என்கிறேன்.

கரையில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஈரமில்லையென்றால் நிம்மதி, ஒயர் இணைப்புகளைத் துடைத்துக் காயவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலும் மின்பொறியும் வராமல் துண்டித்துவிட்டுச் சுழற்றினால் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். டீசலில் க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் எந்த வண்டியையும் கிளப்பாதீர்கள்.

பாத்தல் சுமார் 4,000 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். ஸ்பேனர் பிடிப்பவரை அடிக்கடி மாற்றுங்கள். தலைவலியோடு யாரையும் வேலை செய்ய விடாதீர்கள்.

வண்டியை விட்டு உதவி தேடி நடக்காதீர்கள். கோடையில் காசா போகும் அரசுப் பேருந்து அந்த வழியாகத்தான் வரும். கையைக் காட்டி, கணவாய்க்கு அப்பால் லோசரில் தகவல் சொல்லும்படி டிரைவரிடம் கேளுங்கள். இருட்டிவிட்டால் மேடான இடத்தில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் வடிந்ததும் கட்டி இழுத்துப் போகலாம்.